சால்மன் பணம் எந்தக் கரையில் தங்குகிறது? ஃப்ரோயா, ஹித்ரா, சிலோவே தீவுகளின் நிகழ்வு ஆய்வு

நார்வேயின் நடுக்கரையில் ஃப்ரோயா, ஹித்ரா என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். சிலி நாட்டின் தெற்கே சிலோவே என்று ஒரு பெரிய தீவு. மூன்றிலும் கரையிலிருந்து பார்த்தால் ஒரே காட்சிதான்: கடலில் மிதக்கும் வட்டக் கூண்டுகள், பக்கத்தில் தீவனப் படகு. சிலோவேயில் வேறு இனங்களும் உண்டு என்றாலும், கூண்டுகளில் பெரும்பாலும் சுற்றுவது அதே அட்லாண்டிக் சால்மன்.

சால்மன் பண்ணை வந்தால் கிராமம் பிழைக்கும் என்று வாதிடுபவர்கள் நார்வேத் தீவுகளைக் காட்டுவார்கள். ஊரைக் கெடுக்கும் என்பவர்கள் சிலோவேயைக் காட்டுவார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அதனால் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, ஒரே மீன் ஒரு கரையில் பணத்தைத் தங்கவைத்ததும் இன்னொரு கரையில் வழியவிட்டதும் எப்படி என்று பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை எத்தனை என்பதைவிட, கடலை யார் குத்தகைக்கு விடுகிறார்கள், அந்தக் குத்தகையில் ஊருக்குப் பங்கு உண்டா, ஊரால் "இங்கே வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்பவைதான் இதைத் தீர்மானித்தன.

ஹித்ராவில் தொடங்கியது

1970-ல் ஹித்ராவைச் சேர்ந்த ஓவே, சீவெர்ட் குரோண்ட்வெட் என்ற சகோதரர்கள் எண்கோண வடிவில் ஒரு மிதக்கும் கூண்டு கட்டி, அதில் 20,000 சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அதற்குமுன் கரையை ஒட்டித் தொட்டி கட்டியும், சிறு வளைகுடாக்களை அடைத்தும் பலர் முயன்றிருந்தார்கள். அலையோடு ஏறி இறங்கும் கூண்டுதான் இந்தத் தொழிலை நிற்கவைத்தது. நீரோட்டம் அழுக்கைக் கொண்டுபோய்விடும், செலவு குறைவு, இடம் மாற்றலாம். கொஞ்சம் நிலம், ஒரு படகு, சில ஆடுமாடு என்று பிழைத்த கரையோரக் குடும்பத்துக்கு எட்டும் தொகையில் ஒரு புதுத் தொழில் கிடைத்தது.

நார்வே அரசு 1973-லேயே உரிமம் இல்லாமல் பண்ணை வைக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 1980களில் பெரும்பான்மைப் பங்கு உள்ளூர்க்காரரிடம் இருக்க வேண்டும், கூண்டின் கொள்ளளவு குறிப்பிட்ட கன அளவைத் தாண்டக் கூடாது என்பவைதான் உரிமத்தின் அடிப்படை நிபந்தனைகள். இது சூழலியல் அக்கறையால் வந்த விதியல்ல, அப்பட்டமான கிராமக் கொள்கை. ஆள் காலியாகிக்கொண்டிருந்த கடற்கரையில் குடும்பங்களை இருத்திவைப்பதே நோக்கம். உரிமத்துக்குக் கட்டணமும் கிடையாது. 2002-ல்தான் முதன்முதலாகப் புது உரிமத்துக்கு விலை வைத்தார்கள்.

இந்தச் சின்னப் பண்ணைகளின் பொற்காலம் நீடிக்கவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தி பெருகி விலை சரிந்தது. பண்ணையாளர்களின் கூட்டு விற்பனை அமைப்பு மீனை வாங்கி உறையவைத்துக் குவித்தது. விலை ஏறவில்லை. 1991-ல் அந்த அமைப்பே திவாலானது. அதோடு நூற்றுக்கணக்கான குடும்பப் பண்ணைகளும் கைமாறின. அதே ஆண்டு உள்ளூர் உடைமை விதியையும் அரசு தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் எத்தனை உரிமம் வேண்டுமானாலும் வாங்கிச் சேர்க்கலாம் என்ற பாதை திறந்தது.

ஃப்ரோயாவில் சால்மார் நிறுவனம் பிறந்ததும் 1991-ல்தான். திவாலான ஒரு கம்பெனியின் ஒரேயொரு உரிமத்தையும் ஒரு மீன் பதனிடும் ஆலையையும் குஸ்தாவ் வித்சோ வாங்கினார். 2007-ல் அந்த நிறுவனம் ஓஸ்லோ பங்குச் சந்தைக்குப் போனது. இன்று உலகின் பெரிய சால்மன் உற்பத்தியாளர்களில் ஒன்று. "சிறு பண்ணைகள் கிராமத்தைத் தூக்கி நிறுத்தின" என்ற கதையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. ஃப்ரோயாவை நிமிர்த்தியது சிறு பண்ணை அல்ல. சிறு பண்ணைகள் விழுந்த இடத்தில் எழுந்த ஒரு பெரிய கம்பெனி. அந்தக் கம்பெனியின் தலைமையகம் ஊரிலேயே இருந்தது என்பது ஓரளவு அதிர்ஷ்டம்.

வேலை கூண்டில் இல்லை

பண்ணை வருகிறது என்றதும் ஊர் கேட்கும் முதல் கேள்வி: எத்தனை பேருக்கு வேலை? நேர்மையான பதில், கடலில் அதிகம் பேருக்கு இல்லை. இன்றைய கூண்டு ஒன்றின் சுற்றளவு 160 மீட்டர் அளவில் இருக்கும். ஒரு கூண்டில் 2 லட்சம் மீனுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது நார்வே விதி. ஒரு மீன் 5 கிலோ வளர்ந்தால் கூண்டொன்றுக்கு 1,000 டன். இப்படி ஏழெட்டுக் கூண்டு உள்ள பண்ணையைக் கைவிரல்களுக்குள் அடங்கும் ஆட்கள் நடத்திவிடுகிறார்கள். தீவனம் காற்றழுத்தக் குழாயில் போகிறது. மீன் தின்கிறதா என்று கரையிலுள்ள அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்க்கிறார்கள். உற்பத்திச் செலவில் ஏறத்தாழப் பாதி தீவனத்துக்கே போகிறது. அதன் சோயா பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வருகிறது. அந்தப் பாதிப் பணம் ஊரைத் தொடாமலே கடந்துபோகிறது.

கூட்டமாக ஆள் வேண்டியது கரையில்தான். ஃப்ரோயாவின் நூர்ஸ்காகில் சால்மார் கட்டிய இன்னோவாமார் ஆலை, ஹித்ராவின் யோஸ்னோயா தொழில் வளாகத்தில் லேரோய் நிறுவனத்தின் ஆலை, ஹித்ராவிலேயே உல்வானில் மோவி நிறுவனத்தின் ஆலை என்று மூன்று பெரிய ஆலைகள் இந்த இரண்டு தீவுகளில் நெருக்கமாக நிற்கின்றன. உயிரோடு மீனைச் சுமந்துவரும் தொட்டிக் கப்பல் துறையில் கட்டியதும் மீன் குழாய் வழியே உள்ளே வருகிறது. மயக்கி, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, குடல் நீக்கி, உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்விக்கிறார்கள். பிறகு எடை வாரியாகப் பிரிந்து, ஐஸோடு சேர்ந்து 20 கிலோ தெர்மோகோல் பெட்டிக்குள் போகிறது.

இந்த வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரம் பிரிக்கும் மேசை. அங்கே நிற்பவர் ஒவ்வொரு மீனையும் பார்த்து முடிவெடுக்கிறார். காயமில்லாதது முதல் தரம், சிறு குறை உள்ளது இரண்டாம் தரம். குளிர்காலப் புண், வளைந்த முதுகு, மீனின் தோலில் ஒட்டும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணிக்கான மருந்துக் குளியலில் உரிந்த தோல் என்று இருந்தால் மூன்றாம் தரம். முதல் இரண்டையும் முழு மீனாகவே ஏற்றுமதி செய்யலாம். மூன்றாம் தரத்தை நார்வேக்குள்ளேயே வெட்டித் திருத்திய பிறகுதான் வெளியே அனுப்பலாம். நாட்டின் பெயர் கெடக்கூடாது என்று போட்ட விதி இது. ஆனால் இதன் பக்கவிளைவாகப் பல துண்டு போடும் வேலைகள் உள்நாட்டில் தங்கியிருக்கின்றன. 2024 குளிர்காலத்தில் காயம்பட்ட மீன் வழக்கத்தைவிட அதிகமாக வந்தபோது, கம்பெனிக்கு நட்டம், துண்டு போடும் கூடங்களுக்கு வேலை. மீன் நலமாக இருந்தால் ஊருக்கு வேலை குறைவு என்பது இந்தத் தொழிலின் விசித்திரங்களில் ஒன்று.

நல்ல மீனையும் அங்கேயே வெட்டிப் புகையூட்டி விற்கலாமே என்று தோன்றும். இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கம் பதில் சொல்கிறது. நார்வேயிலிருந்து வரும் முழுப் பச்சை சால்மனுக்கு 2 சதவீதம் வரி. புகையூட்டியதற்கு 13 சதவீதம். கூலியும் நார்வேயில் அதிகம். ஆகவே பெட்டி பெட்டியாக மீன் லாரியேறிப் போலந்துக்குப் போய் அங்கே புகையூட்டப்படுகிறது. போலந்துக்காரர்களோ எதிர்த்திசையில் ஃப்ரோயா ஆலைக்கு வேலைக்கு வருகிறார்கள்.

ஊர் நிறைந்தது, யாரால்?

2000களின் நடுவில் ஃப்ரோயாவின் மக்கள்தொகை 4,000 அளவில் இருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் 5,000-ஐத் தாண்டியது. நார்வேயின் வெளித்தீவுகளில் பள்ளிகள் மூடப்பட்டுவந்த காலத்தில் இது சாதாரணமில்லை. வந்தவர்களில் பெரும்பங்கு போலந்து, லிதுவேனியா, எஸ்தோனியா போன்ற நாடுகளிலிருந்து. ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர் என்ற நிலை உருவானது. வீட்டு வாடகை, மொழி வகுப்பு, பள்ளியில் தாய்மொழி தெரிந்த ஆசிரியர் என்று உள்ளாட்சிக்குப் புதுச் செலவுகள் வந்தன. ஆனால் இவை ஊர் நிறைவதால் வரும் செலவுகள். ஊர் காலியாவதால் வருபவை அல்ல. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு குரி குன்னா மேல்நிலைப் பள்ளியில் மீன்வளர்ப்பே ஒரு பாடப்பிரிவு. பதினாறு வயதுப் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டே பண்ணைப் படகில் பயிற்சி பெறலாம்.

இதையெல்லாம் மீன் மட்டும் செய்யவில்லை. 1994-ல் ஹித்ராவைத் தரையோடு இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை திறந்தது. நீளம் 5.6 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்குக் கீழே 264 மீட்டர் வரை இறங்குகிறது. 2000-ல் ஹித்ராவிலிருந்து ஃப்ரோயாவுக்கு 5.3 கிலோமீட்டரில் இன்னொன்று. படகுத்துறையில் காத்திருக்க வேண்டியதில்லை, புயலடித்தால் வண்டி நிற்க வேண்டியதில்லை. பச்சை மீனில் ஒவ்வொரு மணி நேரமும் விலைதான். அந்த இரண்டு சுரங்கமும் இல்லாவிட்டால் இந்த ஆலைகள் தரைப்பகுதியில் எழும்பியிருக்கும். தீவுகளுக்குக் கூண்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். சிலோவேயைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு வாடகை

நார்வேயில் கடற்கரைத் திட்டமிடல் அதிகாரம் உள்ளாட்சியிடம் இருக்கிறது. எந்த நீர்ப்பரப்பு மீன்பிடிக்கு, எது படகுப் போக்குவரத்துக்கு, எது பண்ணைக்கு என்று வரைபடம் போடுவது ஊர் மன்றம். உரிமம் கொடுப்பது மேலே இருப்பவர்கள்தான். ஆனால் ஊரின் வரைபடத்தில் இடம் ஒதுக்கப்படாவிட்டால் உரிமத்தை வைத்துக்கொண்டு கூண்டு கட்ட முடியாது.

இந்த அதிகாரத்தை ஊர்கள் பேரத்துக்குப் பயன்படுத்தின. பல ஊர்கள் புது இடம் ஒதுக்கத் தயங்கின. மீன் வளர்வது எங்கள் வாசலில், லாபம் போவது வேறெங்கோ, எங்களுக்கு என்ன என்பது அவர்கள் கேள்வி. விளைவாக 2016-ல் மீன்வளர்ப்பு நிதியம் உருவானது. புதிய உற்பத்தித் திறனை, அதாவது கூடுதல் டன் மீன் வளர்க்கும் அனுமதியை, அரசு விற்கும்போது வரும் பணத்தில் 80 சதவீதம் பண்ணை உள்ள ஊர்களுக்கும் மாவட்டங்களுக்கும் என்று பிரித்தார்கள்.

2018-ல் நடந்தது இதன் உச்சம். அந்த ஆண்டு புதிய திறனை ஒரு பகுதி நிலையான விலைக்கும் மீதியை ஏலத்திலும் விற்றார்கள். நிலையான விலை டன்னுக்கு 1,20,000 குரோனர். ஏலத்தில் சராசரி 1,95,000 அளவுக்குப் போனது. வழக்கமான உரிமம் ஒன்று 780 டன். அப்படிப் பார்த்தால், முன்பு இலவசமாகக் கொடுக்கப்பட்ட ஓர் உரிமத்தின் அளவுக்கு ஏல மதிப்பு 15 கோடி குரோனருக்கு மேல். அந்த ஆண்டு 164 உள்ளாட்சிகளுக்கும் 10 மாவட்டங்களுக்கும் சேர்த்துச் சுமார் 270 கோடி குரோனர் பங்கிடப்பட்டது. சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்குத் திடீரென்று பல கோடி. விளையாட்டு அரங்கம் கட்டியவர்கள் உண்டு, கடனடைத்தவர்கள் உண்டு, வங்கியில் போட்டு வட்டியை மட்டும் எடுத்தவர்களும் உண்டு.

ஏலம் ஆண்டுதோறும் வராது என்பதுதான் சிக்கல். ஒரு வருடம் மழை, மறு வருடம் வறட்சி என்றால் உள்ளாட்சி எப்படி ஆசிரியர் சம்பளத்துக்குத் திட்டம் போடும்? ஆகவே 2021 முதல் கிலோவுக்கு 40 ஓரே (ஓரே என்பது குரோனரில் நூறில் ஒரு பங்கு) என்று உற்பத்திக் கட்டணம் வந்தது. பிறகு அதை உயர்த்தினார்கள். கூடவே திறன் விற்பனையில் ஊர்களின் பங்கு 80-லிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. நிலையான வருமானம் கொடுத்தோமே என்று அரசு சொன்னது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தார்கள் என்று ஊர்கள் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன்.

2022 செப்டம்பர் 28 அன்று அரசு அடுத்த குண்டைப் போட்டது. சால்மன் வளர்ப்பின் மிகை லாபத்தில் 40 சதவீதம் வாடகை வரி, வழக்கமான 22 சதவீத நிறுவன வரிக்கு மேல். கடல் மக்களுடையது, அதைப் பயன்படுத்தி வரும் அசாதாரண லாபத்தில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பது வாதம். எண்ணெயிலும் நீர்மின்சாரத்திலும் நார்வே செய்துவந்ததே இது. அன்றே சால்மார் பங்கின் விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்களுக்குத் தற்காலிகப் பணிநீக்க அறிவிப்பு போனது, இன்னோவாமார் உட்பட. வரிக் கணக்கில் சந்தை விலையே எடுக்கப்படும் என்றால், முன்கூட்டி நிலையான விலைக்கு விற்கும் ஒப்பந்தம் போட முடியாது, ஒப்பந்தம் இல்லாமல் துண்டுபோடும் கூடத்தை ஓட்ட முடியாது என்று நிறுவனம் விளக்கியது.

அந்த விளக்கத்தில் உண்மை இருந்தது. விதியின் அந்தப் பகுதி பின்னர் திருத்தப்பட்டது. ஆனாலும் ஒரே ஆலையை நம்பி வாழும் ஊரில், ஓஸ்லோவில் நடக்கும் வரி விவாதத்தின் நடுவே தொழிலாளியின் கையில் அந்த அறிவிப்புக் கடிதம் வந்தால், அது யாருடைய பேரத்துக்குப் பயன்படுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. 2023 மே இறுதியில் நாடாளுமன்றம் 25 சதவீதமாகக் குறைத்து நிறைவேற்றியது, அந்த ஆண்டின் ஜனவரி முதலே செல்லும்படி. முதல் 7 கோடி குரோனர் லாபத்துக்கு விலக்கு. அதனால் சிறு கம்பெனிகள் பெரும்பாலும் தப்பின. நார்வேயின் சால்மன் ஏற்றுமதி 2022-ல் 10,000 கோடி குரோனரைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரி வந்ததில் வியப்பில்லை.

சிலோவே: வேலை நிறைய, பிடி இல்லை

தென்பாதி உலகில் சால்மன் இயற்கையாகக் கிடையாது. சிலிக்கு அதைத் தொழிலாகக் கொண்டுவந்ததில் ஜப்பானிய மீன் நிறுவனங்களுக்கும், 1976-ல் தொடங்கிய சிலி அறக்கட்டளை என்ற அரை அரசு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அறக்கட்டளை ஒரு பண்ணைக் கம்பெனியை வளர்த்து, லாபம் வரும் என்று காட்டி, 1988-ல் ஜப்பானின் நிப்பான் சுய்சான் நிறுவனத்துக்கு விற்றது. தொழிலை நட்டுவிட்டுத் தனியாரிடம் விடுவதே அதன் வழி. உள்ளூர் உடைமை என்ற பேச்சு தொடக்கத்திலேயே இல்லை.

சிலோவேயிலும் அதற்கு எதிர்க்கரையான புவெர்த்தோ மோன்ட், கல்புகோ பகுதிகளிலும் வேலை குவிந்தது. ஒரு விஷயத்தில் சிலி நார்வேயை மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும். சிலியின் பெரிய சந்தை அமெரிக்கா. முழு மீனை ஐஸோடு விமானத்தில் ஏற்றினால் எடைக்கே காசு போய்விடும். ஆகவே முள் எடுத்துத் துண்டு போட்டே அனுப்பினார்கள். முள் பிடுங்குவதும் கொழுப்பைச் சீவுவதும் கைவேலை. அதற்கு ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். உருளைக்கிழங்கு நிலம், கடற்பாசி, சிப்பி, ஆடு என்று பணம் அதிகம் புழங்காத குடும்பங்களில் மாதச் சம்பளம் முதன்முறையாக, அதுவும் பெண்ணின் கையில், வந்தது. தொலைதூரக் கடலோரப் பகுதிகளில் பண்ணை இருந்த இடங்களில் வறுமை குறைந்திருக்கிறது என்று 2018-ல் வெளியான ஒரு சிலி ஆய்வும் காட்டியது. சிலோவேயை வெறும் சுரண்டல் கதையாக எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாள் முழுக்க ஈரத் தரையில், குளிர்ந்த கூடத்தில் நின்றபடி, ஒரு கையால் சதையை அழுத்தி மறு கையில் இடுக்கியால் முள்ளை இழுக்கும் வேலை அது. கூலி துண்டுக் கணக்கோடு சேர்ந்தது. மணிக்கட்டும் தோளும் முதலில் போகும். கடலுக்கடியில் செத்த மீனை எடுக்க முக்குளித்தவர்களில் உயிரிழந்தவர்கள் பலர்.

2007 ஜூலையில் சிலோவேயைச் சேர்ந்த லெமுய் தீவுப் பக்கம் ஒரு பண்ணையில் தொற்று இரத்தசோகை வைரஸ் உறுதியானது. நார்வே 1984-லேயே பார்த்துவிட்ட நோய் இது. வைரஸின் மரபணுவும் நார்வே வகையை ஒத்திருந்தது. இறக்குமதியான முட்டைகளோடு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பண்ணைகள் நெருக்கமாக இருந்தன. ஓர் அறுவடைக்கும் அடுத்த குஞ்சுக்கும் இடையே கடலைத் தரிசாக விடும் ஒழுங்கு இல்லை. ஒரு வளைகுடாவில் வெவ்வேறு வயது மீன்கள் கலந்திருந்தன. 2008-ல் 4 லட்சம் டன்னைத் தொட்ட அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி 2010-ல் ஒன்றேகால் லட்சத்துக்கும் கீழே விழுந்தது. பதினையாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. கெய்யோன் போன்ற ஊர்களில் ஆலை மூடியதும் கடை, வாடகை வீடு, டாக்சி எல்லாம் வரிசையாக அடங்கின.

அப்போது சிலியில் பண்ணை வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்களில் ஒன்று செர்மாக். 2014-ல் ஜப்பானின் மித்சுபிஷி வாங்கும்வரை அதன் பெரும் பங்குதாரர் நார்வே அரசு. வீட்டில் கூண்டுக்குக் கூண்டு விதி போட்ட அரசு, வெளியூரில் விதியில்லாத கடலில் பங்குதாரராக இருந்தது.

2010-ல் சிலி சட்டத்தைத் திருத்தியது. பண்ணைகளைப் பேட்டைகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எல்லாரும் கடலைக் காலியாக விட வேண்டும் என்றது. புதுக் குத்தகை 25 ஆண்டுகளுக்குத்தான். அதே சட்டம் கடல் குத்தகையை வங்கியில் அடமானம் வைக்கவும் அனுமதித்தது. கடனில் மூழ்கிய நிறுவனங்களைக் காப்பாற்ற வங்கிகளுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. பிடி வங்கிக்குக் கிடைத்தது, ஊருக்குக் கிடைக்கவில்லை. சிலியில் மீன்வளர்ப்புக் குத்தகையைக் கையெழுத்திட்டுக் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஆயுதப்படைத் துணைச் செயலகம். ஹித்ராவில் ஊர் மன்றம் வரைபடம் போடுகிறது. சிலோவேயின் மேயருக்குத் தன் வளைகுடாவில் எத்தனை கூண்டு வரும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

2016 தொடக்கத்தில் எல் நீன்யோ வெப்பத்தில் பாசிப் பெருக்கம் வந்து 40,000 டன் அளவுக்கு சால்மன் செத்தது. மார்ச்சில் அதில் 4,000 டன்னுக்கு மேல் அரசு அனுமதியோடு சிலோவேக்கு வெளியே கடலில் கொட்டப்பட்டது. சில வாரங்களில் வேறொரு வகை நச்சுப் பாசி, மீனவர்கள் சிவப்பலை என்று சொல்வது, கரையோரச் சிப்பிகளை விஷமாக்கியது. சிப்பி எடுப்பதும் விற்பதும் தடையானது. அரசு முதலில் குடும்பத்துக்கு ஒரு லட்சம் பேசோ தருவதாகச் சொன்னது. மே மாதத்தில் மீனவர்கள் டயர்களைக் கொளுத்திச் சாலைகளை மறித்தார்கள், சக்காவோ நீரிணைப் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். தீவு வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டது. கொட்டிய மீனுக்கும் சிவப்பலைக்கும் தொடர்பில்லை என்று அரசு கூட்டிய விஞ்ஞானிகள் சொன்னார்கள். தீவில் அதை நம்பியவர்கள் குறைவு. 2018-ல் உச்ச நீதிமன்றம் கொட்டலைப் பற்றி விசாரிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது.

அந்த மறியலில் எழுந்த கோரிக்கைகளில் மருத்துவமனையும் உண்டு. இருபதாண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கான டாலர் மீன் ஏற்றுமதியான தீவு, நல்ல ஆஸ்பத்திரி கேட்டுச் சாலையில் உட்கார்ந்தது. தீவைத் தரையோடு இணைக்கும் சக்காவோ பாலத்தின் கட்டுமானமும் 2018-ல்தான் தொடங்கியது.

கணக்கில் வராதவை

நார்வேப் பக்கமும் எல்லாம் சுத்தமில்லை. ஒரு நோய்க்கே அந்தத் தீவை வைத்து ஹித்ரா நோய் என்று பெயர். 1970களின் இறுதியில் அங்கே தலைகாட்டிய பாக்டீரியா நோய் அது. 1987-ல் நார்வேப் பண்ணைகள் 50 டன் அளவுக்கு ஆன்டிபயாடிக் கொட்டின. தடுப்பூசி வந்த பிறகு, மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும், அது ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது. சிலியில் வேறொரு பாக்டீரியாவுக்கு நல்ல தடுப்பூசி வாய்க்காததால் ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் போகிறது.

நார்வேயின் தீராத தலைவலி கடல் பேன். 2017 முதல் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, காட்டு சால்மன் குஞ்சுகளுக்குப் பேனால் எவ்வளவு சேதம் என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு போடுகிறார்கள். பச்சைக்கு 6 சதவீதம் வளர்ச்சி, சிவப்புக்கு 6 சதவீதம் குறைப்பு. 2024 கோடையில் காட்டு சால்மன் வரத்து அபாயகரமாகக் குறைந்ததால் 33 ஆறுகளில் தூண்டில் போடுவதையே அரசு தடைசெய்தது. ஆற்றோரம் நிலம் வைத்துத் தூண்டில்காரர்களுக்கு நாள் வாடகை விட்டும், விருந்தினர் வீடு நடத்தியும் பிழைத்த குடும்பங்களும் கிராமத்தார்தான். வரத்துக் குறைவுக்குக் கடல் வெப்பமும் ஒரு காரணம். ஆனால் மனிதரால் வரும் ஆபத்துகளில் பண்ணைப் பேனையும் கூண்டிலிருந்து தப்பும் மீனையும் நார்வேயின் அறிவியல் குழு முதலிடத்தில் வைக்கிறது. பள்ளத்தாக்கில் ஒருவருக்குப் போன வருமானம் தீவின் வேலைவாய்ப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

இந்த இரண்டு வழிக்கும் நடுவில் வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளைச் சொல்லலாம். அங்கேயும் அதே இரத்தசோகை வைரஸ் 2000-க்குப் பிறகு தொழிலை ஏறத்தாழத் துடைத்தது. 2003-ல் கடுமையான விதி போட்டார்கள்: ஒரு வளைகுடாவில் ஒரே வயது மீன், அறுவடைக்குப் பின் கட்டாயத் தரிசு, தடுப்பூசி. தொழில் மீண்டது. இப்போது அந்த நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி சால்மன். அடிபட்ட பிறகு விதி போடுவதும் வேலை செய்யும், விதி போடுபவர் அருகிலேயே இருந்தால்.

கூண்டு வெளியே போகும்போது

ஃப்ரோயாவின் பேரம் இப்போது வேறு பக்கம் திரும்புகிறது. 2017-ல் சால்மார் ஓஷன் ஃபார்ம் 1 என்ற ராட்சதக் கூண்டை ஃப்ரோஹாவே என்ற திறந்த கடற்பகுதியில் நிறுத்தியது. 110 மீட்டர் விட்டம், 15 லட்சம் மீன் கொள்ளளவு. எட்டு உரிமங்களின் அளவு, 6,240 டன், இந்த ஒன்றுக்கே ஒதுக்கப்பட்டது. எண்ணெய்த் தளத் தொழில்நுட்பத்தில் வரைந்து, சீனாவின் சிங்டாவில் கட்டி, கப்பலில் கொண்டுவந்தார்கள். பேனும் அழுக்கும் உள்வளைகுடாவை விட்டு விலகும் என்பது இதன் நல்ல பக்கம்.

நார்வே உள்ளாட்சியின் திட்டமிடல் எல்லையோ கரையின் அடிக்கோட்டுக்கு (கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடு) அப்பால் ஒரு கடல்மைல் வரைதான். கூண்டு அதைத் தாண்டிப் போனால் ஊர் மன்றத்தின் வரைபடம் அதைத் தொடாது. மீன் ஆலைக்கு வருவதால் வேலை கொஞ்சம் மிஞ்சலாம். தொட்டிக் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போனால் அதுவும் இல்லை. வெளிக்கடல் பண்ணைகளின் பணத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று கடற்கரை உள்ளாட்சிகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டன.